லாங் பெல்

காலையில் பல் தேய்க்கும்போதே அரசாங்கத்தின் குடுமி டீச்சரின் ஒரு கையில் இருந்தது. இன்னொரு கையில் பிரஷ். இரண்டில் எதை முதலில் கீழே வைப்பது என்று தெரியாதவர் போல, வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்.

"டீச்சரம்மா!" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு குரல். "உள்ள இருக்கிறவங்க இறங்கினாத்தான் வெளிய நிக்கிறவங்க ஏற முடியும்."

அது அவர் கணவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. அவர் உடம்பு இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே வளைவு வருகிறதென்று ஒரு பக்கம் சாய்ந்துகொள்வார். ஒரு கல்யாண வீட்டில் தன் சாப்பாடு முடிந்த திருப்தியில் "போலாம் ரைட்" என்று ஒரு குரல் கொடுத்து, பாதிச் சாப்பாட்டில் இருந்த ஒரு பந்தியையே எழுப்பிவிட்டவர்.

டீச்சர் வாய் கொப்பளித்து வெளியே வருவதற்குள் ஃபோன் அடித்தது. சொந்த ஊர் ஆஸ்பத்திரியின் நர்சம்மா.

"டீச்சர், ஒரு ஆள் வந்து வாசக்கதவை அளந்துட்டுப் போறான். என்னய்யான்னு கேட்டா, பூட்டு என்ன சைஸ்ல வாங்கணும்னு பாக்குறேங்கிறான்."

"இன்னிக்குத்தானே சபையில ஓட்டெடுப்பு? அதுக்குள்ள பூட்டா?"

"அதான் நானும் கேட்டேன். ஓட்டு சாயங்காலம்தான், ஆனா கடை மத்தியானமே சாத்திடுவான்னு சொல்றான்."

டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

விஷயம் இதுதான். சின்ன ஊர்களில் இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரிகளையெல்லாம் மூடிவிட்டு, பெற்றுக்கொள்கிறவர்கள் எல்லாம் பெரிய ஊருக்கே வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்திருந்தது. அதற்கு வைத்த பெயர் 'மக்கள் நலன் சீரமைப்பு'. புலிக்குப் பூனைக்குட்டி என்று பெயர் வைத்தால் கடிக்காதா?

அந்த ஆஸ்பத்திரிக்காகத்தான் டீச்சர் அரசியலுக்கே வந்தார். அதற்கு முன்னால் அவர் கணக்கு டீச்சர். தூங்குகிற பையன் மேல் சாக்பீஸ் எறிவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கரும்பலகையைப் பார்த்தபடியே, திரும்பாமல், தோளுக்கு மேலே எறிவார். கடைசி வரிசையில் தூங்குகிறவனின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் ஈயின் இடது இறக்கையில் படும். வலது இறக்கையில் பட்டதாக ஒரே ஒரு புகார் உண்டு. அதுவும் காற்று அடித்த நாள்.

அத்தனை வருஷ வேலையில், மணி அடிப்பதற்கு முன்னால் அவர் வகுப்பை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தரம். எட்டாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு எதிரே, பாலத்தின் மேல், ஒரு ஆட்டோ நின்றுபோயிருந்தது. அதற்குள்ளே இருந்தவள், முன்வரிசையில் உட்கார்ந்து பின்னம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. டீச்சர் சாக்பீஸும் கையுமாக ஓடினார். குழந்தை பிழைத்தது. அம்மா பிழைக்கவில்லை.

மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், ஊரில் பிரசவம் பார்க்க நாலு கட்டில் போடக்கூடாதா என்று கேட்டார். தலைவர் பல் குத்திக்கொண்டே, "டீச்சருக்கு இங்க என்ன வேலை? போய்க் கணக்குப் போடுங்க" என்றார். டீச்சர் போய்க் கணக்குப் போட்டார். தெருத் தெருவாகப் போட்டார். அடுத்த தேர்தலில் கவுன்சிலர். அதற்கடுத்த தேர்தலில் அதே தலைவரின் நாற்காலி. உட்கார்ந்த கையோடு நகராட்சியின் பழைய குடோனில் இருந்த எலிகளுக்கு நோட்டீஸ் கொடுத்துக் காலி பண்ணவைத்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டார். அங்கே பிறந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் பெரிய ஊர் வரைக்கும் போகும் என்பது ஊர்ப்பேச்சு. உண்மையில் பாலம் வரைக்கும்தான் போகும். ஊர்ப்பெருமையில் கழித்தல் கணக்குக் கிடையாது.

இந்தப் புகழைப் பார்த்துத்தான் ஆளுங்கட்சி அவரைச் சட்டசபைக்கு நிறுத்தியது. ஜெயித்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது அதே கட்சி, அதே கட்டில்களைத் தூக்கச் சொல்கிறது.

இன்றைக்குச் சபையில் கணக்கு ரொம்பச் சுலபம். டீச்சர் தன் கட்சியை எதிர்த்து எழுந்து நின்றால், மசோதா ஒரே ஒரு ஓட்டில் தோற்கும். டீச்சர் சபைக்குள்ளேயே இல்லாமல் போனால், இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. சரிசமமானால் சபாநாயகர் தன் ஓட்டைப் போடுவார். அது எந்தப் பக்கம் விழும் என்பது அவர் நாற்காலியின் கால்களுக்குக்கூடத் தெரியும். ஆகவே கட்சிக்கு டீச்சரின் மனசு தேவைப்படவில்லை. ஓட்டெடுப்பு நேரத்தில் டீச்சர் கதவுக்கு வெளியே இருந்தால் போதும்.

வாசலில் கட்சி அனுப்பிய கார் வந்து நின்றது. டீச்சரின் கணவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டினார்.

"வேணாம்மா. இது நடுவழியில ப்ரேக்டவுன் ஆகுறதுக்குன்னே சர்வீஸ் பண்ண வண்டி. டிரைவர் மூஞ்சியைப் பாரு, இப்பவே மன்னிப்புக் கேக்குற மாதிரி வெச்சிருக்கான்."

ஆகவே அரசாங்கத்தின் குடுமி அன்றைக்கு டவுன் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், மடியில் கைப்பையும் குடையுமாகப் பயணம் செய்தது. பாதி வழியில் ஒரு பழைய இரும்புக் கடை. வாசலில் ஒருவன் இரும்புப் பட்டையை நிமிர்த்துவதற்காகச் சம்மட்டியால் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். டண்டண்டண்டண்.

டீச்சர் எழுந்தார். கைப்பை தோளுக்குப் போனது. குடை கக்கத்துக்குப் போனது.

"உக்காரும்மா, ஸ்டாப்பிங் வரல" என்று கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

டீச்சர் கூச்சத்தோடு உட்கார்ந்தார். இது அவர் உடம்பிலுள்ள பழைய வியாதி. பள்ளிக்கூடத்தில் கடைசி மணியை லாங் பெல் என்பார்கள். தொங்குகிற தண்டவாளத் துண்டில் நிறுத்தாமல் அடிப்பார்கள். அது காதில் விழுந்தால் டீச்சரின் கால்கள் டீச்சரைக் கேட்காது. நகராட்சித் தலைவராக இருந்தபோது, சாக்கடைத் திட்டம் பற்றிய காரசாரமான கூட்டத்தின் நடுவே, தெருவில் பால்கேன் ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்தது. கேன்கள் உருண்டு ஓய்வதற்குள் டீச்சர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். சாக்கடை விஷயத்தில் தலைவர் எடுத்த கடுமையான முடிவு என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. உண்மை தெரிந்தவர்கள் ஊரிலேயே மூன்று நாலு பேர்தான். அதில் ஒருவனைப் பார்க்கத்தான் இப்போது போய்க்கொண்டிருந்தார்.

அவன் கட்சியின் கொறடா. எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்டளை போட்டு, மந்தையிலிருந்து ஒரு ஆடும் விலகாமல் பார்த்துக்கொள்கிற பதவி. டீச்சரின் ஊர்க்காரன், டீச்சரிடம் படித்தவன். படித்தவன் என்பது ஒரு பேச்சுக்கு. அவன் இருந்த இடத்தை வைத்துப் பள்ளிக்கூடமே அவனைக் கடைசி பெஞ்சு என்றுதான் கூப்பிட்டது. லாங் பெல்லின் முதல் அடி விழும்போது பெஞ்சில் இருப்பான். மூன்றாவது அடி விழும்போது கேட்டுக்கு வெளியே இருப்பான். இரண்டாவது அடியின்போது எங்கே இருந்தான் என்பதை விஞ்ஞானம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கொறடா என்கிற பதவிப் பெயரிலேயே ஒரு 'டா' சேர்ந்து வருவதில் டீச்சருக்கு ஒரு சௌகரியம்: மரியாதையாகவும் கூப்பிட்ட மாதிரி ஆயிற்று, பழக்கத்தையும் விடாத மாதிரி ஆயிற்று.

சட்டசபைக் கட்டடத்தில் டீச்சர் லிஃப்டில் ஏறவில்லை. நடுவில் நின்றுபோனால்? படியேறினார். மேல்தளத்துத் தாழ்வாரத்தில் ஏணி போட்டு ஒரு எலக்ட்ரீஷியன், சபைக் கதவுக்கு மேலே இருந்த பஸ்ஸர் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஓட்டெடுப்புக்கு முன்னால், வெளியே டீ குடிக்கிற உறுப்பினர்களை உள்ளே கூப்பிடுவதற்காக அடிக்கிற மணி அது. சத்தம், கோழியின் கழுத்தை நெரித்த மாதிரி இருக்கும். அது நின்றதும் கதவைப் பூட்டிவிடுவார்கள். எண்ணி முடிக்கும் வரை உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே.

"என்னப்பா, ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருந்துச்சு மேடம். கழட்டச் சொன்னாங்க, கழட்டுறேன்."

டீச்சர் தலையாட்டிவிட்டு நடந்தார். அவர் கவலையெல்லாம் நின்றுபோகிற லிஃப்ட், கார், எதையாவது கலந்து கொடுக்கிற தண்ணீர் இவற்றின் மேல் இருந்தது. கணவரைத் தாழ்வாரத்து மர பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கொறடாவின் அறைக்குள் போனார்.

"வாங்க டீச்சர்! வாங்க வாங்க!" கடைசி பெஞ்சு எழுந்து நின்றான். இந்த மரியாதையில் மட்டும் அவன் குறை வைத்ததில்லை. "தண்ணி?"

"வேணாம்."

"டீ? ஜூஸ்? இளநீர்?"

"பையில பாட்டில் இருக்கு. விஷயத்துக்கு வா."

"கல்வி மந்திரி நாற்காலி காலியா இருக்கு டீச்சர். அதுல நீங்க உக்காந்தா அந்த நாற்காலிக்கே பெருமை."

"நாற்காலிக்குப் பெருமை வேணும்னா ஆசாரிகிட்ட சொல்லு, நல்லா இழைச்சுக் குடுப்பார்."

கடைசி பெஞ்சு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். குரல் இறங்கியது.

"டீச்சர், ஒளிக்காம சொல்றேன். எதிர்த்து நின்னீங்கன்னா நாளைக்குக் காலையில நீங்க எம்.எல்.ஏ. இல்ல. கட்சி உங்களைத் தூக்கிடும். அப்புறம் நம்ம ஊருக்கு ஒரு குழாய் வராது, ஒரு தெருவிளக்கு வராது. கட்சித் தலைவர் எங்கிட்ட நேராவே சொல்லிட்டார், மசோதா ஜெயிச்சா நான் மந்திரி, தோத்தா நான் வீட்டுக்கு. என் பொழைப்பும் உங்க கையில இருக்கு."

"உன் ரெண்டாவது பொண்ணு எங்கடா பொறந்தா?"

அவன் ஒரு ஃபைலைத் திறந்து மூடினான்.

"கேக்குறேன்ல?"

"நம்ம குடோன்லதான்."

"ராத்திரியில மழை. பாலத்து மேல தண்ணி. நர்சம்மா இருந்தா, கட்டில் இருந்துச்சு, உன் பொண்டாட்டி பிழைச்சா. பெரிய ஊருக்குப் போகணும்னு சட்டம் இருந்திருந்தா?"

"அதான் ஆம்புலன்ஸ் தர்றோம்ல டீச்சர்..."

"ஆம்புலன்ஸுக்கு நீச்சல் தெரியுமா?"

கடைசி பெஞ்சு மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினான். நிறுத்தினான். பிறகு, சட்டென்று, அவன் முகத்தில் ஒரு அமைதி வந்தது.

"சரி டீச்சர். உங்க இஷ்டம். நான் தடுக்கல."

டீச்சர் உஷாரானார். மிரட்டுகிற கடைசி பெஞ்சைப் பற்றி அவருக்குப் பயமில்லை. இந்தப் பையன் அமைதியாக இருந்த நாட்களை அவர் அறிவார். அமைதியாக இருந்த ஒரு நாளில் சாக்பீஸ் டப்பாவுக்குள் பல்லி இருந்தது. அமைதியாக இருந்த இன்னொரு நாளில் இன்ஸ்பெக்டரின் ஸ்கூட்டர் மாமரத்தின் மேல் இருந்தது.

மத்தியானம் முழுவதும் டீச்சர் பூனை மாதிரி நடமாடினார். கேன்டீன் பக்கமே போகவில்லை. "ஊரிலிருந்து ஆள் வந்திருக்கு, கீழே காத்திருக்காங்க" என்று ஒருவன் வந்து சொன்னான். "காத்திருக்கட்டும், பழகட்டும்" என்றார். "உங்க வீட்டுல பைப் உடைஞ்சு தண்ணி ஓடுதாம்" என்று இன்னொருவன். "பாத்திரம் கழுவாம இருக்கு, ஓடட்டும்" என்றார். பாத்ரூம் போகாமல் அவர் அடக்கிய அடக்கத்துக்கு மட்டும் தனியாக ஒரு பதக்கம் கொடுக்கலாம். இப்படி எட்டுத் திசைக்கும் காவல் போட்டவர், தன் கால்களுக்குக் காவல் போட மறந்தார்.

விவாதம் தொடங்கியது. சபைக்குள் விசிறிகள் சுற்றின. எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் கண்ணீர் விட்டார். ஆளுங்கட்சியிலிருந்து ஒருவர் அதைவிடப் பெரிய கண்ணீர் விட்டார். டீச்சர் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு ரைஸ்மில் முதலாளி. டீச்சரின் கட்சி, அறுபது வயசு, நல்ல மனுஷர், எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்.

"டீச்சர், மெய்யாலுமே எதிர்த்தா நிக்கப் போறீங்க?" என்று காதருகே கேட்டார்.

"ஆமா."

"எனக்கே பயமா இருக்கு. உங்களுக்கு இல்லையா?"

டீச்சர் மடியிலிருந்த கைப்பையைச் சீட்டோரம் வைத்தார். இன்னும் சற்று நேரம். சபாநாயகர் கேட்பார், எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கவும் என்று. எழுந்து நிற்க வேண்டும். வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு நிற்பதா கஷ்டம்? உட்கார்ந்தே இரு, எழும்போது மட்டும் எழு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முன்வரிசையில் கடைசி பெஞ்சு கைகட்டி உட்கார்ந்திருந்தான். திரும்பி அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

"மசோதா ஓட்டெடுப்புக்கு விடப்படுகிறது" என்றார் சபாநாயகர். "மணி அடிக்கட்டும்."

டண்.

பஸ்ஸர் இல்லை. கோழியின் கழுத்து இல்லை. இரும்பில் இரும்பு. டண், டண், டண்டண்டண்டண்டண்...

மூளைக்குத் தகவல் போகும் முன்பே முழங்கால் எழுந்துவிட்டது. கைப்பை தோளுக்கு. குடை கக்கத்துக்கு. மூக்குக்கண்ணாடி கூட்டுக்கு. டீச்சர் பக்கத்து சீட்டைப் பார்த்து, "ஏழாவது கணக்கை வீட்டுல போட்டுட்டு வாங்க" என்றார். ரைஸ்மில் முதலாளி தலையாட்டினார். டீச்சர் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, நிமிர்ந்த நடையில், ஒருநாள் வேலையை ஒழுங்காக முடித்த நிம்மதியோடு, வெளியிலிருந்து உள்ளே ஓடிவந்துகொண்டிருந்த உறுப்பினர்களை "ஓடாதீங்க, வரிசையா வாங்க" என்று அதட்டிவிட்டு, வாசலைத் தாண்டினார்.

பெஞ்சிலிருந்து கணவர் எழுந்தார். "என்னம்மா, அதுக்குள்ள ட்ரிப் முடிஞ்சுதா?"

டீச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு தண்டவாளத் துண்டு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காவலாளி ஒருவர் இரும்புக் கம்பியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். மணி நின்றுவிட்டிருந்தது.

டீச்சர் திரும்பினார். குடை விழுந்தது. அவர் கதவுக்குப் பாய்ந்த அதே நொடியில் யாரோ தோளை இடித்துக்கொண்டு போனார்கள். யாரென்று பார்க்க அவருக்கு நேரமில்லை. கதவின் இரண்டு பலகைகளும் ஒன்றோடொன்று சேர்ந்தன. உள்ளே தாழ் விழுந்தது.

"திறங்க! நான் உள்ள இருக்கணும்! திறங்க!"

கதவு அசையவில்லை. உள்ளங்கை சிவக்கும் வரை தட்டினார். பாலத்தின் மேல் நின்ற ஆட்டோ கண்ணுக்குள் வந்தது. அன்றைக்கு மணி அடிக்கும் முன்னால் ஓடினேன், இன்றைக்கு மணி அடித்ததால் ஓடினேன், என்று நினைத்தார். நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டார். கணவர் பக்கத்தில் வந்து குடையை எடுத்துக்கொண்டு நின்றார்.

"தட்டாதீங்க டீச்சர், கை வலிக்கும்."

பின்னாலிருந்து வந்தது குரல். டீச்சருக்குத் திரும்பிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நம்ம ஸ்கூல் தண்டவாளம்தான் அது" என்றது குரல், வெண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி. "அங்க கரன்ட் பெல் மாட்டினதும் இதைக் கழட்டி மூலையில போட்டிருந்தாங்க. நானே போய் ஏத்திட்டு வந்தேன். உங்க மேல ஒரு விரல் படலை டீச்சர், ஒரு பொய் சொல்லலை. பால்கேன் லாரி கதை ஞாபகம் இருக்குல்ல? நான் ஒருத்தன் அதை மறக்கவே இல்ல. நீங்களா எந்திரிச்சீங்க, நீங்களா வந்தீங்க. இப்ப உள்ள சரிக்குச் சரி. சபாநாயகர் ஒரு ஓட்டு. முடிஞ்சுது."

டீச்சர் மெல்லத் திரும்பினார். கடைசி பெஞ்சு சுவரில் சாய்ந்து, கக்கத்தில் ஃபைலோடு, முகமெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தான். டீச்சர் அவனைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். பிறகு தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். கணக்கில் எங்கேயோ ஒரு எண் இடம் மாறி இருப்பதைக் கண்டுபிடித்தபோது வகுப்பில் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"ஏண்டா."

"சொல்லுங்க டீச்சர்."

"நீ எங்கடா நிக்கிற?"

"நான் இங்கதான்..." என்று தொடங்கினான்.

அந்தச் சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரேயடியாக விழவில்லை. ஒவ்வொரு பல்லாக, கடை சாத்துகிற மாதிரி, உள்ளே போனது. அவன் சுவரைப் பார்த்தான். கக்கத்து ஃபைலைப் பார்த்தான். பூட்டிய கதவைப் பார்த்தான். கடைசியாகத் தன் ஷூக்களைப் பார்த்தான், அவை வேறு யாருடைய கால்களிலோ இருப்பதைப் போல. முதல் அடி விழும்போது சபைக்குள் கைகட்டி உட்கார்ந்திருந்தவன் அவன். டீச்சர் வெளியேறுவதைக் கண்குளிரப் பார்த்தவன். நடுவில் என்ன நடந்தது என்பதை விஞ்ஞானம் இந்தத் தடவையும் கண்டுபிடிக்கத் தவறிவிட்டது. டீச்சரின் தோளை இடித்துக்கொண்டு போனது யார் என்பது மட்டும் இப்போது தெரிந்தது.

"ஐயோ" என்றான் கடைசி பெஞ்சு. கதவில் போய் விழுந்தான். "திறங்கடா! நான் கொறடா! டேய், திறங்க!"

மணி அடித்த காவலாளி பயபக்தியோடு பக்கத்தில் வந்தார். "மணி நின்ன பிறகு சாமியே வந்தாலும் திறக்கக் கூடாது, அது நானா இருந்தாலும் சரின்னு நீங்கதானே சார் காலையில உள்ள இருக்கிறவங்ககிட்ட கண்டிஷனா சொன்னீங்க?"

"அது டீச்சருக்காகச் சொன்னதுய்யா!"

"சாமியேன்னீங்க சார்."

டீச்சர் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். கண் மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்தது. நான் வெளியே, ஆகவே சமம். இவனும் வெளியே, ஆகவே அவன் பக்கத்தில் ஒன்று குறைவு. சமத்தில் ஒன்று குறைந்தால்... விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் விடையை நம்ப முடியவில்லை. எதிர்க்கட்சியில் யாராவது ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தால்? ஒருவர் மனசு மாறியிருந்தால்? மத்தியானச் சாப்பாடு, விசிறிக் காற்று, ஒருவர் தூங்கிப்போயிருந்தால்? சாக்பீஸ் எறிய அவர் உள்ளே இல்லையே!

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு பக்கம் எழுந்து நிற்கிறார்கள். அமைதி. எண்ணுகிறார்கள். மறுபடியும் நாற்காலிகள். இன்னொரு பக்கம். டீச்சரும் கடைசி பெஞ்சும் ஒரே கதவில் ஆளுக்கொரு காதை வைத்துக்கொண்டு, மூக்கோடு மூக்கு உரசாத குறையாக நின்றார்கள்.

"மூச்சு விடாதடா, கேக்கல."

"நீங்க விடுறீங்க டீச்சர்."

உள்ளே ஒரு கூச்சல் எழுந்தது. யாருடைய கூச்சல்? ஜெயித்தவன் கத்தினாலும் தோற்றவன் கத்தினாலும் கதவு ஒரே மாதிரிதான் அதிர்கிறது. தாழ் விலகியது. முதலில் வெளியே வந்தவர் ரைஸ்மில் முதலாளி. முகம் வெளுத்திருந்தது.

"போச்சு டீச்சர்" என்றார்.

டீச்சர் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எது போச்சு? தெளிவாச் சொல்லுங்க!"

"மசோதா. நம்ம பக்கம் ஒரு ஓட்டுக் குறைச்சல். கொறடாவையே காணோம்னு உள்ள தேடுறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் டீச்சர், அந்த ஏழாவது கணக்கு, எந்தப் புத்தகத்துல?"

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தார். சிரித்தாரா அழுதாரா என்று கேட்டால், இரண்டையும் ஒரே மூச்சில் செய்து, நடுவில் விக்கலும் எடுத்தார். பிறகு ஃபோனை எடுத்து நர்சம்மாவைக் கூப்பிட்டார்.

"நர்சம்மா, அந்தப் பூட்டைத் திருப்பிக் குடுத்துடச் சொல்லுங்க. மசோதா..."

"டீச்சர், அப்புறம் பேசறேன், மூணாவது கட்டில்ல வலி எடுத்திடுச்சு" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

கடைசி பெஞ்சு அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

"உங்க மேல நடவடிக்கை எடுக்க முடியாது டீச்சர்" என்றான் மெதுவாக. "நீங்க எதிர்த்து ஓட்டுப் போடல. வெளிய இருந்தீங்கன்னு எழுதினா, அங்க நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு கேப்பாங்க."

"கேப்பாங்கதான்."

"என்ன சொல்றது டீச்சர்?"

"கால் தானா வந்துச்சுன்னு சொல்லு."

"நம்புவாங்களா?"

டீச்சர் கணவரிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டார். "தானாத்தான் வந்துச்சா?"

தண்டவாளத் துண்டு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். "டீச்சர் வெளிய நிக்க வெச்சாங்கன்னு சொல்லிக்கிறேன்" என்றான் கடைசியில். "அதைன்னா எல்லாரும் நம்புவாங்க."

"சொல்லிக்கோ" என்றார் டீச்சர். எழுந்தார். "ஏங்க, முதல்ல பாத்ரூம் எங்கன்னு கேளுங்க. அப்புறம் பஸ்ஸைப் பாக்கலாம்."

"போலாம் ரைட்" என்றார் கணவர், தாழ்வாரம் முழுக்க எதிரொலிக்க.

அவர்கள் படியிறங்கிப் போய், கட்டடத்தைத் தாண்டி, தெருமுனையில் பஸ் ஏறினார்கள். அந்தப் பஸ்ஸும் இரும்புக் கடையைத் தாண்டிப் போய்விட்டது. விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்த காவலாளி, கொறடா இன்னமும் சுவரோரம் கைகட்டி நிற்பதைப் பார்த்து, "சார், வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டார். கடைசி பெஞ்சு படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். டீச்சர் அவனைப் போ என்று சொல்லவில்லையே!